பாதைகள் ஒன்றையொன்று வெட்டாதிருக்குமா?

கண்டி மாநகரில் ஆண்டுதோறும் நிகழும் எசல பெரஹராவைக் கண்டு களித்தவர்கள், அது ஓர் ஊர்வலமாய்த் தோன்றினும் உண்மையில் ஐந்து ஊர்வலங்களின் சேர்க்கை என்பதை அறிவர். தலதா மாளிகையின் பெரஹரா முன்னே செல்ல, நாத தேவாலயம், விஷ்ணு தேவாலயம், கதிர்காமத் தேவாலயம், பத்தினி தேவாலயம் ஆகிய நான்கின் பெரஹராக்களும் அதனைத் தொடர்ந்து வருகின்றன. கதிர்காமத் தேவாலயத்து முருகனும், பத்தினியாய் அமர்ந்த கண்ணகியும் தமிழருக்குப் புதியவர் அல்லர். ஐந்து தலங்களும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்துள்ளன.

இவ்வாரம் இந்த ஐந்து தலங்களையும் ஐந்து புள்ளிகளாகத் தாளிற் குறித்துக்கொள்வோம். ஒவ்வொரு தலத்திலிருந்தும் மற்றை நான்கிற்கும் தனித்தனியே பாதை வரைய வேண்டும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பாதைகள் ஆகும். பாதை நேராகத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. எவ்வளவு வளைந்தும் ஊரைச் சுற்றியும் போகலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: எந்தப் பாதையும் இன்னொரு பாதையை இடைவழியில் வெட்டுதல் ஆகாது.

பிள்ளைகளிடம் பென்சிலைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்பது பாதைகள் வரையிற் கை தடையின்றி ஓடும். பத்தாவதில் வந்து நிற்கும். அழித்துவிட்டு வேறு விதமாகத் தொடங்கினாலும் பத்தாவதில் வந்து நிற்கும். அப்பொழுது பிள்ளை, "முடியவில்லை" என்று சொல்லும். கணித அறிஞர் சொல்வதோ "முடியாது" என்று. இவ்விரு சொற்களுக்கும் உள்ள தூரம் பெரிது. முன்னையது நமது முயற்சியின் களைப்பைக் கூறுகிறது; பின்னையது இனிப் பிறக்கப் போகின்றவர்களின் முயற்சியையும் சேர்த்து அளந்து தீர்ப்புக் கூறுகிறது. அத்தகைய தீர்ப்பை எந்தத் துணிவில் வழங்கலாம் என்பதே இன்றைய விஷயம்.

புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்ட உருவத்தைக் கோட்டுரு என்பர். கோடுகள் வெட்டாமல் ஒரு கோட்டுருவைத் தாளில் வரைய இயலுமா, இயலாதெனின் ஆகக் குறைந்தது எத்தனை வெட்டுகள் வேண்டும் என்பவை அத்துறையில் எழும் கேள்விகள். வெட்டுகள் சிலவே உடைய கோட்டுருக்களுக்கென்று தனிக் குணங்கள் இருத்தலையும் பின்னர்க் காண்போம்.

முதலில் இன்னும் எளியதொரு புதிர். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டமொன்றில் மூன்று லயங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு லயத்தாரும் தண்ணீருக்குப் பீலிக்கும், கொழுந்து நிறுக்க மடுவத்துக்கும், குழந்தையை விடப் பிள்ளைக்காம்பராவுக்கும் போக வேண்டும். மூன்று லயத்தாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வழியில் ஒருவரை ஒருவர் சந்திக்க விரும்புவதில்லை என்று வைத்துக்கொள்வோம். (கணக்குக்காகவே இந்தப் பகையை மூட்டுகிறோம், லயத்து மக்கள் பொறுத்துக்கொள்வார்களாக.) ஒன்பது பாதைகளையும் ஒன்றையொன்று வெட்டாமல் அமைக்க வழி உண்டா?

இது பழைய புதிர்தான். ஆங்கில நாட்டுப் புதிர் மன்னர் டியூடனி, 1917ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில் இதனை மூன்று வீடுகளுக்குத் தண்ணீர், எரிவாயு, மின்சாரம் கொண்டுசெல்லும் கணக்காக அமைத்தார். அவர் தந்த விடை ஒரு தந்திரம்: ஒரு குழாயை இன்னொருவர் வீட்டினூடாகவே கொண்டு போய்விட்டார்! நேர்மையான விடை வேண்டுமெனின் நாம் கண்டி வாவிக்கரைக்குச் செல்ல வேண்டும்.

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் அமைக்கத் தொடங்கிய வாவி அது. அதன் நடுவே சிறியதொரு தீவு. வாவியைச் சுற்றிலும் வீதி. தீவில் நிற்கும் ஒருவர், எந்தத் திசையிற் படகைச் செலுத்தினாலும், ஊருக்குள் வர அவ்வீதியைக் கடந்தே ஆக வேண்டும். மூடிய வளையம் ஒன்று தாளை உள், வெளி என இரண்டாகப் பிரிக்கும் என்பதே இதன் கருத்து. சிறு பிள்ளைக்கும் தெரிந்த இவ்வுண்மைக்கு முறையான நிறுவல் எழுதுவது அத்துணை எளிதன்று. ஜோர்தான் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1887ஆம் ஆண்டிலே அதனை எடுத்துரைத்தார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கம்பிக் கோலம் இடும் தாய்மார் இதன் பயனை நாள்தோறும் காணலாம். இரண்டு மூடிய இழைகள் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும் இடங்களை எண்ணினால் அத்தொகை இரட்டைப்படையாகவே இருக்கும். உள்ளே புகுந்த இழை வெளியேயும் வர வேண்டுமல்லவா?

நிற்க. தோட்டத்துக்குத் திரும்புவோம். ஒன்பது பாதைகளில் ஆறினை மட்டும் முதலில் எடுத்துக்கொள்க: முதல் லயத்திலிருந்து பீலி, அங்கிருந்து இரண்டாம் லயம், அங்கிருந்து மடுவம், அங்கிருந்து மூன்றாம் லயம், அங்கிருந்து பிள்ளைக்காம்பரா, அங்கிருந்து மீண்டும் முதல் லயம். இவ்வாறும் வெட்டாதவை எனின், வாவி வீதியைப் போல ஒரு மூடிய வளையம் ஆகும். எஞ்சியவை மூன்று பாதைகள்: முதல் லயம் மடுவத்துக்கு, இரண்டாம் லயம் பிள்ளைக்காம்பராவுக்கு, மூன்றாம் லயம் பீலிக்கு. இம்மூன்றும் வளையத்தின் எதிரெதிர் இடங்களை இணைப்பவை. ஒவ்வொன்றும் ஒன்றில் வளையத்தின் உள்ளே செல்ல வேண்டும், அன்றேல் வெளியே செல்ல வேண்டும். பக்கங்கள் இரண்டு, பாதைகள் மூன்று. ஆதலின் இரண்டு பாதைகளாவது ஒரே பக்கத்தில் அகப்படும். உள்ளே இரண்டு அகப்பட்டால், முதலாவது பாதை உட்பகுதியை இரு கூறாக்கி, இரண்டாவதன் ஒரு முனையை ஒரு கூற்றிலும் மறு முனையை மறு கூற்றிலும் நிறுத்திவிடும். வெளியேயும் அவ்வாறே. வெட்டாமல் தப்ப வழியில்லை. ஒரே ஒரு வெட்டுக்கு இடங்கொடுத்தால் போதும். ஒன்பது பாதைகளும் அமைந்துவிடும்.

பாருங்கள், நாம் ஒரு படத்தையும் அழித்தழித்து வரையவில்லை. வரையக்கூடிய எல்லாப் படங்களையும் ஒரே வீச்சில் விலக்கிவிட்டோம்.

ஐந்து தலங்களின் கணக்குக்கு வேறொரு வழி உண்டு. அதற்குக் கண்டிப் பகுதியின் மலைச்சரிவு வயல்களை மனத்திற் கொள்ளுதல் நலம். வரம்புகள் ஒன்றையொன்று வெட்டாத வயல்வெளி ஒன்றில், வரம்புகள் சந்திக்கும் மூலைகளை எண்ணுக; வரம்புகளை எண்ணுக; வயல்களை எண்ணுக; வெளியே பரந்து கிடக்கும் நிலத்தையும் ஒரு வயலாகச் சேர்த்துக்கொள்க. மூலைகளின் தொகையிலிருந்து வரம்புகளின் தொகையைக் கழித்து வயல்களின் தொகையைக் கூட்டினால், எல்லாம் ஒரே தொடர்பாய் இணைந்திருக்கும் வரையில், விடை எப்பொழுதும் 2. திண்மங்களைப் பற்றி ஒயிலர் என்னும் பேரறிஞர் 1750ஆம் ஆண்டில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வெளியிட்ட விதியே இது. சந்தேகமுள்ள மாணவர் ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளட்டும்: 4 மூலை, 4 வரம்பு, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக 2 வயல். நான்கில் நான்கு போக இரண்டைக் கூட்ட 2.

இப்பொழுது ஐந்து தலங்களையும் பத்துப் பாதைகளையும் வெட்டின்றி வரைந்துவிட்டதாகப் பாவனை செய்வோம். 5இலிருந்து 10 போக வயல்களைக் கூட்டினால் 2 வர வேண்டும். ஆகவே வயல்கள் 7. ஒவ்வொரு வயலுக்கும் குறைந்தது மூன்று வரம்புகள் தேவை. ஏழு வயல்களுக்கு 21. ஆனால் ஒரு வரம்பு இரு புறத்து வயல்களுக்கு மட்டுமே உதவும். பத்து வரம்புகள் 20 தேவைகளையே தீர்க்கும். இருபத்தொன்று கேட்கும் இடத்தில் இருபதுதான் இருக்கிறது! ஒன்று குறைகிறது, அந்த ஒன்றினாலே பாவனை முழுதும் பொய்யாகிறது.

இங்கும் ஒரு வெட்டுப் போதும். விஷ்ணு, நாத, பத்தினி தேவாலயங்களை முக்கோணமாக வைத்து, மாளிகையை நடுவிலும் கதிர்காமத் தேவாலயத்தை வெளியிலும் குறித்தால், ஒன்பது பாதைகள் தாமே அமையும். மாளிகைக்கும் கதிர்காமத் தேவாலயத்துக்கும் இடையிலான பாதை ஒன்றே முக்கோணத்தின் ஒரு பக்கத்தைக் கடக்க நேரும். (இது தாளில் வசதிக்காக இட்ட ஒழுங்கு, நகரத்தின் வரைபடமன்று.)

லயங்களின் புதிரும் தலங்களின் புதிரும் ஏதோ இரண்டு உதாரணங்கள் என்று எண்ணிவிடலாகாது. வெட்டின்றி வரைய இயலாத எந்தக் கோட்டுருவினுள்ளும் இவ்விரண்டில் ஒன்று, கோடுகளின் நடுவே கூடுதற் புள்ளிகள் முளைத்த வடிவிலேனும், ஒளிந்திருக்கும் என்று போலந்து நாட்டுக் குரத்தோவ்ஸ்கி 1930ஆம் ஆண்டில் நிறுவினார். எத்துணைப் பெரிய சிக்கலாயினும் அதன் வேரில் இருப்பது ஐந்து தலங்களோ மூன்று லயங்களோதான்.

வெட்டுகள் எத்தனை என்று எண்ணும் கேள்வி பிறந்த கதை துயரமானது. 1944ஆம் ஆண்டு, ஹங்கேரி நாட்டின் யூதர்கள் நாடு கடத்தப்பட்டுக் கொலைக்களங்களுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலம். பால் துரான் என்ற இளங் கணித அறிஞர் புடாபெஸ்ட் நகருக்கு அண்மையில் ஒரு செங்கற் தொழிற்சாலையில் கட்டாய வேலைக்கு நிறுத்தப்பட்டிருந்தார். சூளைகள் பல, செங்கல் அடுக்கும் களங்களும் பல. ஒவ்வொரு சூளையிலிருந்தும் ஒவ்வொரு களத்துக்கும் சிறு தண்டவாளம். கல்லேற்றிய தள்ளுவண்டியைத் தள்ளிச் செல்வதில் அத்துணைக் கடினம் இல்லை. ஆனால் இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் வண்டி துள்ளித் தடம் புரளும், கற்கள் கொட்டும், நேரம் வீணாகும், எல்லோருக்கும் தொல்லை. வண்டி தள்ளிய கையோடு துரானின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது: இத்தண்டவாளங்களை ஆகக் குறைந்த வெட்டுகளுடன் அமைப்பது எப்படி?

மூன்று சூளையும் மூன்று களமும் எனின் அது நம் தோட்டத்துப் புதிரேயாம், விடை 1. சூளைகளும் களங்களும் பெருகினால்? துரான் அக்கொடுமையிலிருந்து உயிர் தப்பினார். 1952ஆம் ஆண்டு போலந்துக்குச் சென்றபொழுது அங்குள்ள அறிஞர்களிடம் இக்கேள்வியைச் சொன்னார். சரன்கீவிச் என்பவரும் ஊர்பானிக் என்பவரும் விடை கண்டதாகத் தனித்தனியே அறிவித்தனர்.

சரன்கீவிச்சின் அமைப்பு அழகானது. எவரும் வரைந்து பார்க்கலாம். தாளில் ஒரு நாற்சந்தி இடுக. கிழக்கு மேற்காகச் செல்லும் கோட்டிற் சூளைகளைப் பாதிப் பாதியாய் இரு புறமும் வைக்க. வடக்குத் தெற்காகச் செல்லும் கோட்டிற் களங்களை அவ்வாறே வைக்க. பின் ஒவ்வொரு சூளையையும் ஒவ்வொரு களத்தோடும் நேர்கோட்டால் இணைக்க. நான்கு சூளை, நான்கு களம் எனின் 4 வெட்டுகள். ஐந்துக்கு ஐந்து எனின் 16. ஒன்பதுக்கு ஒன்பது எனின் 256. இதனிலும் குறைந்த வெட்டுகளுடன் எவராலும் வரைய இயலாது என்று அவர் நிறுவியதாகவே யாவரும் நம்பினர். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நிறுவலை நூல்கள் மேற்கோளாகக் காட்டின. பதினொரு ஆண்டுகள் கழிந்த பின், 1965ஆம் ஆண்டளவில், ரிங்கெல், கைனன் ஆகிய இருவரும் தனித்தனியே அதில் ஓர் ஓட்டையைக் கண்டனர். அமைப்பு சரியே, அதனிலும் சிறந்தது இல்லை என்ற கூற்றுக்குரிய நியாயம் மட்டும் நிற்கவில்லை. "முடியாது" என்று எண்ணியிருந்தது ஒரே நாளில் "முடியவில்லை" என்று இறங்கிவிட்டது.

சூளை, களம் இரண்டிலொன்று ஆறுக்கு மேற்படாத வரையில் விடை சரியென்று கிளைட்மன் 1970ஆம் ஆண்டில் நிறுவினார். 1993ஆம் ஆண்டில் வுடால் கணினியின் துணையோடு மேலும் சில படிகள் ஏறினார். ஒன்பதுக்கு ஒன்பது இன்றுவரை முடிவாகவில்லை. வண்டி தள்ளியவர் 1976ஆம் ஆண்டில் மறைந்தார். செங்கற் சூளையின் கதையை அவர் எழுதிய குறிப்பு அடுத்த ஆண்டு, கோட்டுருவியலுக்கெனத் தொடங்கிய ஒரு சஞ்சிகையின் முதல் இதழில் வெளியாயிற்று.

ஆகக் குறைந்த எண்ணை அறிவது இத்துணைக் கடினமெனின், நமக்கு எட்டுவது யாது? வெட்டுகள் சிலவே உள்ள கோட்டுரு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓரளவு சொல்லலாம். மேற்கண்ட வயற் கணக்கையே பொதுவாகச் செய்தால், வெட்டே இல்லாத கோட்டுருவில் கோடுகளின் தொகை, புள்ளிகளின் மும்மடங்கில் ஆறு குறைந்த எண்ணுக்கு மேற்படாது என்று வரும். ஐந்து புள்ளிகளுக்கு 9. ஆறு புள்ளிகளுக்கு 12. ஆகவே சராசரியாக ஒரு புள்ளிக்கு ஆறு கோடுகள் கூட வாரா. ஐந்துக்கு மேற்படாத கோடுகளை உடைய ஓர் ஏழைப் புள்ளியேனும் எங்கோ இருந்தே தீரும். ஒவ்வொரு கோடும் ஒரு முறை மட்டும் வெட்டப்படலாம் என்று சிறிது தளர்த்தினாலும் நிலைமை அதிகம் மாறவில்லை: நான்மடங்கில் எட்டுக் குறைவு என்பது அதன் எல்லை. அங்கும் ஏழு கோடுகளுக்கு மேற்படாத புள்ளி ஒன்று உண்டு. சிக்கல் குறைந்த உருவத்தில் எல்லாப் புள்ளிகளும் செல்வந்தராய் இருக்க இயலாது. இவ்வேழைப் புள்ளியைப் பற்றிக்கொண்டே நிறங்களின் கணக்கிலும் அறிஞர் இறங்கினர். இணைந்த புள்ளிகள் ஒரே நிறமாகாதபடி தீட்ட, வெட்டில்லாத உருவுக்கு நான்கு நிறங்கள் போதும் என்பது 1976ஆம் ஆண்டில் முடிவாயிற்று. கோட்டுக்கு ஒரு வெட்டு அனுமதித்தால் ஆறு போதுமோ என்று ரிங்கெல் 1965ஆம் ஆண்டிற் கேட்டார். போதும் என்று பொரோடின் 1984ஆம் ஆண்டில் நிறுவினார்.

இனி மாணவருக்குச் சுவையான ஓர் எண்ணும் முறை. ஆறு புள்ளிகளை ஒவ்வொன்றோடொன்று இணைத்தால் 15 கோடுகள். இவற்றுள் ஏதேனும் ஒரு புள்ளியை மறைத்தால் எஞ்சுவது நமது ஐந்து தலங்களின் உருவம். அதில் ஒரு வெட்டாவது உண்டு. மறைக்கும் வகைகள் ஆறு. எனவே ஆறு வெட்டுகள் எண்ணப்படும். ஆனால் ஒவ்வொரு வெட்டும் நான்கு புள்ளிகளைச் சார்ந்தது. எஞ்சிய இரண்டில் எதனை மறைத்தாலும் அது தெரியும். ஆகவே இருமுறை எண்ணப்பட்டது. ஆறை இரண்டால் வகுக்க 3. ஆறு புள்ளிகளுக்கு மூன்று வெட்டுகளுக்குக் குறைய இயலாது. மூன்றால் வரையவும் இயலும்.

சிறு பகுதிகளின் வெட்டுகளைக் கூட்டிப் பகிரும் இதே கருத்தை வளர்த்தே 1982ஆம் ஆண்டில் அய்ட்டாய், ஹ்வாத்தால், நியூபோர்ன், செமெரேடி ஆகிய நால்வரும், 1983ஆம் ஆண்டில் லேட்டன் என்பவர் தனியாகவும் ஒரு பெருவிதியைக் கண்டனர். கோடுகள் புள்ளிகளின் நான்மடங்குக்குக் குறையாத இடத்தில், கோடுகளின் தொகையை மும்முறை பெருக்கி, புள்ளிகளின் வர்க்கத்தாலும் 64ஆலும் வகுத்தால் வருவதைவிட வெட்டுகள் குறையமாட்டா. நூறு ஊர்களுக்கிடையே ஆயிரம் பாதைகள் எனின், எவ்வளவு வல்ல பொறியியலாளர் வரைந்தாலும் 1563 வெட்டுகளுக்குக் குறையாது. பாதைகள் இரு மடங்கானால் இவ்வெல்லை எட்டு மடங்காகும்.

லேட்டன் இதனை ஆராய்ந்தது ஊர்ப் பாதைகளுக்காக அன்று. கணினியின் நகக்கண் அளவான சில்லுகளில் மின்கம்பிகளை அடக்குவதற்காக. பேராதனையில் வீதி மகாவலியைப் பாலத்தின் மேலே கடப்பது போல, சில்லிலும் ஒரு கம்பி மற்றொன்றை வேறொரு படையில் ஏறிக் கடக்கலாம். ஆனால் அத்தகைய ஒவ்வொரு கடவைக்கும் இடம் வேண்டும். இடமோ மயிரிழையினும் குறுகியது. நம் சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசிக்குள்ளும் துரானின் தள்ளுவண்டிப் பிரச்சினை இருக்கிறது. எந்தக் கோட்டுருவைத் தந்தாலும் அதன் ஆகக் குறைந்த வெட்டுகளை விரைந்து சொல்லும் பொது வழி எதுவும் கிடைக்கவில்லை. அது மிகக் கடினமான கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது என்பதை கேரி, ஜான்சன் இருவரும் 1983ஆம் ஆண்டிற் காட்டினர்.

ஓய்வுள்ள மாணவர், ஆறு புள்ளிகளை மூன்றே வெட்டுகளுடன் வரைந்து பார்க்க: பெரிய முக்கோணத்தினுள் ஒரு சிறிய முக்கோணம் இட்டுத் தொடங்கினால் வழி புலப்படும். அதன் பின் ஏழு புள்ளிகளுக்கு வரலாம். அங்கே 21 கோடுகள். மேற்கூறிய எண்ணும் முறை ஏழு வெட்டுகளாவது வேண்டும் என்று சொல்லும். உண்மையான விடை 9. ஏழு புள்ளிகளின் நான்மடங்கில் எட்டுக் குறைந்தால் 20 ஆதலின், கோடுகளில் ஒன்றாவது இருமுறை வெட்டப்படும் என்பதையும் வரையத் தொடங்கும் முன்பே அறிந்துகொள்ளலாம்.